மருந்தும் மனிதாபிமானமும்

போரினால் வீடிழந்து வீதிக்கு வந்த பொதுமக்களுக்கு மருத்துவம் வழங்குவது பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துக்கள் நிலவி வருகின்றன. "அது கருணையின் பாற்பட்டது, அதனுள் அரசியலைப் புகுத்தாதீர்" என்பர் ஒரு சாரார். இவர்களிற் பலர் சமய நிறுவனங்களையும் தரும ஸ்தாபனங்களையும் சார்ந்தோர். நல்லெண்ணம் உடையோர் என்பதில் ஐயமில்லை. மற்றச் சாரார் நம்மவர். முற்போக்குச் சிந்தனையாளரெனத் தம்மைக் கருதுவோர். "சேலைன் போத்தலும் பனடோல் குளிசையும் புண்ணுக்குப் பூசும் களிம்பு. நோயின் வேர் சமுதாய அமைப்பில் இருக்கிறது. வேரைக் களையாது களிம்பு பூசுதல் மக்களை மயக்கும் வேலை" என்பர் இவர்கள். முதலாவது கருத்தைக் கோயில் முன்றலிலும், இரண்டாவது கருத்தை ஆசிரியர் ஓய்வறையிலும் பல்கலைக்கழக விடுதியிலும் இன்றும் கேட்கலாம்.

எதிரெதிரானவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துக்களும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே மருத்துவத்தை அரசியலுக்கு வெளியே நிறுத்திவிடுகின்றன. முன்னவர் அதனைப் புனிதமென்று கூறி நிறுத்துகின்றனர். பின்னவர் அற்பமென்று கூறி நிறுத்துகின்றனர். எத்தனை பேருக்கு மருந்து, அத்தொகையை எண்ணுபவர் யார், எவ்வழியால் அனுப்புவது, இடையில் மறிப்பவர் யார் என்னும் வினாக்கள் இருவருக்கும் நடுவே கேட்பாரற்றுக் கிடக்கின்றன. மக்களின் உயிர் போவதும் தங்குவதும் அவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அமைகிறது. இதனைக் கற்க நாம் பிறநாட்டு வரலாற்றை நாட வேண்டியதில்லை. வன்னி நமக்குக் கற்பித்திருக்கிறது.

முதலிற் சொற்களைப் பார்ப்போம். மொழியையும் இலக்கியத்தையும் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் இது புறம்பான காரியமன்று. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போருக்கு அரசாங்கம் சூட்டிய பெயர் "மனிதாபிமான நடவடிக்கை". 2011இல் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் அச்சொல்லே இடம்பெற்றது. இலட்சக்கணக்கான மக்கள் நெருக்கி அடைக்கப்பட்டு, எறிகணை வீச்சுக்கு உள்ளான நிலத்துண்டின் பெயர் "பாதுகாப்பு வலயம்". அங்கிருந்து உயிர்தப்பி வந்தோரை முட்கம்பி வேலிக்குள் இட்டு, வாயிலிற் படையினரை நிறுத்திய முகாமின் பெயர் "நலன்புரி நிலையம்". படையெடுப்புக்கு மனிதாபிமானமென்றும், தடுப்புக்காவலுக்கு நலன்புரி என்றும் பெயரிட்ட பின்னர், உண்மையில் ஒரு தாதி ஒரு குழந்தைக்குச் செய்யும் பணியைச் சுட்ட மொழியில் எச்சொல் மிஞ்சுகிறது? சொல்லைப் பறித்தல் செயலைப் பறித்தலின் முதற்படி. இதனை எதிர்க்காத இலக்கியவாதி தன் தொழிலின் அடிப்படைக் கடமையைக் கைவிட்டவனாவான்.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 2008 செப்டெம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர இயலாதெனக் கூறி, ஐக்கிய நாடுகள் அமைப்பினரையும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறுமாறு அரசாங்கம் பணித்தது. கிளிநொச்சியில் அவர்களது அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு நின்று, போக வேண்டாமென மன்றாடினர். அவர்கள் போயினர். செஞ்சிலுவைச் சங்கத்தையும் ஓரிரு அமைப்புக்களையும் தவிர, வெளியுலகின் சாட்சிகள் எவரும் அங்கு எஞ்சவில்லை. 2009 சனவரியில் முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது, பெப்ரவரியில் இரண்டாவது, மே மாதத்தில் மூன்றாவது. ஒவ்வொன்றும் முன்னையதினும் சிறியது. மக்கள் நகர நகர வைத்தியசாலையும் நகர்ந்தது. தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என அது இடம்பெயர்ந்த வழியை நாம் இன்று ஊர்ப்பெயர்களாக மாத்திரம் நினைவுகூர்கிறோம். பாடசாலைக் கட்டடமும் தறப்பாள் கொட்டகையுமே சத்திரசிகிச்சைக் கூடங்களாயின. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, வன்னியில் இருந்த வைத்தியசாலைகள் யாவும் எறிகணைக்கு இலக்காகின என்றும், சில மீண்டும் மீண்டும் தாக்கப்பட்டன என்றும் கூறிற்று. இறுதிக் கட்டத்துப் பொதுமக்கள் இழப்புக்களிற் பெரும்பாலானவை அரசாங்கத் தரப்பின் எறிகணை வீச்சினால் நேர்ந்தவை என்பதும் அக்குழுவின் முடிபாகும்.

குண்டு வீச்சைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அதனிலும் ஓசையின்றி நடந்த ஒன்றை ஈண்டு வற்புறுத்த விரும்புகிறேன். அது எண்கணிதத்தினால் நடந்த கொலை. ஓர் ஊருக்கு எத்தனை பெட்டி மருந்து, எத்தனை மூடை மா, எத்தனை போத்தல் சேலைன் அனுப்புவதென்பது அவ்வூரில் எத்தனை பேர் உளர் என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்படும். தலைத்தொகையைக் குறைத்துவிட்டால் மருந்தும் உணவும் தாமாகவே குறைந்துவிடும். எந்த மருந்தையும் தடுத்ததாக எவரும் கையொப்பமிட வேண்டியதில்லை. வன்னியில் அகப்பட்டோர் தொகை ஓர் இலட்சத்துக்கு மேற்படாதென அரசாங்கத் தரப்பு 2009இன் முதல் மாதங்களில் திரும்பத் திரும்பக் கூறிவந்தது. அங்கு கடமையிலிருந்த சிவில் அதிகாரிகளோ மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இருப்பதாக அறிவித்தனர். முடிவில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தோர் தொகையே 280,000ஐ எட்டிற்று. இறந்தோரைச் சேர்க்காத கணக்கு இது. குறைத்துச் சொல்லப்பட்ட தொகை அறியாமையால் நேர்ந்த பிழையன்று, நிவாரணப் பொருட்களைக் குறைப்பதற்குக் கையாளப்பட்ட வழியே என நிபுணர் குழு கருதிற்று. மயக்க மருந்து போதாமையால் உணர்வுடனேயே கைகால்கள் துண்டிக்கப்பட்டமையும் அவ்வறிக்கையிற் பதிவாகியுள்ளது. இத்தகைய இடத்தில் மருத்துவத்துக்கு அரசியல் இல்லை என்போர், எண்ணிக்கைக்கு அரசியல் இருப்பதை எங்ஙனம் மறந்தனர்? போர்க்களத்து மருத்துவத்தில் முதல் மருந்து சரியான எண்ணிக்கை.

"அனுப்பிய மருந்து புலிகளின் காயத்துக்குப் போய்விடும்" என்பது அக்காலத்திற் கூறப்பட்ட நியாயம். இதனை ஒதுக்கிவிடாது எதிர்கொள்வோம். ஆயுதம் தரித்தவன் பொதுமக்களின் பங்கிலிருந்து எடுத்துக்கொள்வான் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. உலகின் பல போர்களில் அவ்வாறு நிகழ்ந்திருக்கிறது. ஆயினும், ஒருவன் திருடுவான் என்பதற்காக ஊருக்கே உலை வைக்காதே என்று சொல்வது எந்த நீதியைச் சேரும்? அன்றியும், 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு இலங்கை 1959இல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது. அவ்வுடன்படிக்கைகளுக்குப் பொதுவான மூன்றாம் உறுப்புரை உள்நாட்டுப் போருக்கும் உரியது. காயம்பட்டோரும் நோயுற்றோரும் பொறுக்கிச் சேர்க்கப்பட்டுப் பராமரிக்கப்படல் வேண்டும் என்பதே அதன் விதி. ஆயுதத்தைக் கீழே போட்டவனையும் காயத்தால் வீழ்ந்தவனையும் அவ்விதி விலக்கவில்லை. காயம்பட்டவனுக்குக் கொடி கிடையாது.

மறு தரப்பைப் பற்றி மௌனம் சாதிப்பதும் நமக்குத் தகாது. தம் மக்களென உரிமை கொண்டாடியோரை வெளியேற விடாது மறித்தவர்கள் விடுதலைப் புலிகள். தப்பி ஓடியோர் மீது அவர்கள் சுட்டனர். பதுங்கு குழிகளில் ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகளைப் பலவந்தமாகப் படைக்குப் பிடித்துச் சென்றனர். மக்கள் குடியிருப்புக்களுக்கு அண்மையிலிருந்து பீரங்கிகளை இயக்கினர். வைத்தியசாலைக்கு அருகே ஆயுதத்தை வைப்பவனும், அதனைச் சாட்டாக வைத்து வைத்தியசாலையைத் தாக்குபவனும் ஒரே கட்டிலில் கிடக்கும் ஒரே நோயாளியைத்தான் கொல்கின்றனர். இடம்பெயர்வு தமிழரது துயர் மாத்திரமே என எண்ணுவோர் 1990 ஒக்டோபரை நினைவுகூர்தல் நன்று. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் 70,000க்கும் மேற்பட்டோர் சில நாட்களுள், பல இடங்களிற் சில மணி நேரத்துள், புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்து உவர்நிலத்தில் ஓலைக் குடிசைகளிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. நல்ல தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் அவர்கள் பட்ட பாட்டைத் தமிழ் முற்போக்கு எழுத்து எத்துணை பதிவு செய்தது? அந்த மௌனமும் கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியதே.

எல்லோரும் போனபின் வன்னியில் நின்றவர் யார்? சுகாதாரத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் இருந்த அரசாங்க ஊழியர்கள். வைத்தியர்கள் சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா ஆகியோரது பெயர்களை உலகம் அறியும். அவர்களுடன் நின்ற தாதியர், மருந்தாளர், குடும்பநல மாதர், சிற்றூழியர் ஆகியோரின் பெயர்களை நம்மவரே அறியார். அவர்களும் இடம்பெயர்ந்தோரே, அவர்களது பிள்ளைகளும் அதே பதுங்கு குழிகளிலேயே கிடந்தனர். இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. பெருந்தொகைப் பணமும் வெள்ளை வாகனங்களும் கொண்ட நிறுவனங்கள் கட்டளை வந்ததும் புறப்பட்டுவிட்டன. 1931இற் பெற்ற சர்வசன வாக்குரிமையின் பின்னர் இந்நாட்டு மக்கள் போராடியும் வாதாடியும் உருவாக்கிக்கொண்ட இலவசச் சுகாதார சேவையின் கடைக்கோடி ஊழியன், தன் அரசாங்கமே தன்மேல் எறிகணை வீசிய வேளையிலும் கடமையில் நின்றான். செஞ்சிலுவைச் சங்கம் பெப்ரவரி முதல் மே வரை கடல்வழியாக ஏறத்தாழ 14,000 காயமுற்றோரையும் நோயாளரையும் துணைக்கு வந்தோரையும் வெளியேற்றியதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். எனினும் அக்கப்பலில் ஏற்றும் வரை அவர்களை உயிரோடு வைத்திருந்தது பொதுச் சேவையே. தனியார் வைத்தியத்துக்குக் கதவு திறந்து, பொதுச் சேவையை நலிய விடுவோர் இதனைச் சிந்திப்பாராக. அமைதிக் காலத்தில் அதனை அரித்தவன், ஆபத்துக் காலத்தில் அது நிற்கவேண்டுமென எதிர்பார்க்க முடியாது.

அந்த வைத்தியர்களுக்கு நேர்ந்ததென்ன? மருந்தில்லை என்றும், இன்று இத்தனை பேர் இறந்தனர் என்றும் தொலைபேசியில் அவர்கள் உலகுக்குக் கூறினர். 2009 மே மாதத்தில் அவர்கள் கைதாகினர். யூலை 8ஆம் திகதி, காவலில் இருக்கும்போதே பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்னர் கூறியவை புலிகளின் வற்புறுத்தலால் மிகைப்படுத்தப்பட்டவை என்று கூறினர். காவலில் உள்ளவனின் வாய்மொழிக்கு எத்துணை பெறுமதி உண்டென்பதை வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இங்கு கவனிக்கத்தக்கது வேறு. சிகிச்சை செய்ததற்காக அவர்கள் விசாரிக்கப்படவில்லை. எண்ணிச் சொன்னதற்காகவே விசாரிக்கப்பட்டனர். கட்டுப் போடு, வாயைக் கட்டிக்கொள் என்பதே அதிகாரம் மருத்துவனுக்கு இடும் கட்டளை.

"அரசியல் பேசாதீர்" என்னும் கருணையாளரின் அறிவுரையும் இக்கட்டளையும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை அந்த நல்லவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பக்கஞ்சாராமை என்பது நோயாளியைப் பொறுத்தது: எவன் வந்தாலும் ஒரே மருந்து, ஒரே கவனம். இது மருத்துவ அறம். காயம் எதனால் வந்தது, யாரால் வந்தது என்பதை மறைப்பது வேறு. அது குற்றத்துக்கு உடந்தையாதல். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதன் விளைவை ஐக்கிய நாடுகள் அமைப்பே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2012 நவம்பரில் வெளியான அதன் உள்ளக மீளாய்வு அறிக்கை, இலங்கைப் போரின் இறுதியில் அவ்வமைப்புத் தன் கடமையில் தவறியதை முறைமையின் தோல்வி என்றே வருணித்தது. அனுமதி கிடைக்காமற் போய்விடுமோ என்ற அச்சத்தால் தன்னிடமிருந்த இறப்புக் கணக்கை அது உரியவாறு வெளியிடவில்லை. மௌனத்தைக் கொடுத்து அனுமதியை வாங்கலாமென எண்ணியோருக்கு ஈற்றில் இரண்டும் கிட்டவில்லை.

இனி நம்மவரின் கருத்துக்கு வருவோம். நிவாரணம் களிம்பு என்போர் தம் இயக்கத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நலம். 1934-35ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியபோது எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்றனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க, பிலிப் குணவர்த்தன, என். எம். பெரேரா ஆகியோர் அங்குதான் இந்நாட்டு உழவனை நேருக்கு நேர் கண்டனர். பருப்புப் பகிர்ந்த பெரேராவைச் சிங்களக் கிராமத்தார் "பருப்பு மாத்தயா" என்றழைத்தனர். 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாஜக் கட்சி உதயமானது. பசித்த வயிறே மலேரியாவுக்கு முதலிற் பலியாகிறது என்பதையும், பசிக்குக் காரணம் எது என்பதையும் அவர்கள் குளிசை கொடுத்துக்கொண்டே மக்களுக்கு விளக்கினர். களிம்பு பூசியோர்தாம் வேரையும் கண்டனர். குளிசை கொடுக்கப் போகாதவன் வேரைப் பற்றிப் பேசினால் அதனை யார் கேட்பர்?

மற்றொரு சான்று அயல்நாட்டது. 1971இற் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைக்குத் தப்பி ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்து எல்லையூரான பொங்காவில் வாந்திபேதி பரவியது. நோயாளர் தரையிலே கிடந்தனர். நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகும் நிலை வந்தது. வைத்தியர் திலீப் மகலனோபிசும் அவரது குழுவினரும் குளுக்கோசு, உப்பு, சோடா ஆகியவற்றை அளந்து பொட்டலங்களாக்கி, நீரிற் கரைத்துக் குடிப்பிக்கச் செய்தனர். குடிப்பித்தோர் தாதியர் அல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தோருமே. முப்பது வீதத்தை அண்டியிருந்த இறப்பு நான்கு வீதத்துக்குக் கீழே இறங்கிற்று. அகதி என்றால் கைநீட்டி நிற்பவன் என்ற எண்ணம் அங்கே பொய்த்தது. அறிவு அவன் கைக்கு வந்ததும் அவனே வைத்தியனானான். மக்களின் ஆற்றலில் நம்பிக்கை வைத்தல் நமது கொள்கையெனில், இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எங்குண்டு?

ஆயினும் அறிவு மாத்திரம் போதாது என்பதையும் மறத்தலாகாது. அப்பொட்டலம் பிறந்து இருபதாண்டு கடந்தபின், 1994 யூலையில், றுவாண்டாவிலிருந்து கோமாவுக்கு ஓடிவந்த அகதிகளிடையே ஒரே மாதத்தில் ஏறத்தாழ 50,000 பேர், பெரும்பாலும் வாந்திபேதியாலும் வயிற்றோட்டத்தாலும், மடிந்தனர். மருந்து உலகத்தில் இருந்தது. கோமாவில் நல்ல தண்ணீர் இருக்கவில்லை. முகாம்களும் உணவுப் பங்கீடும் இனப்படுகொலை புரிந்தோரின் ஆட்களிடமே அகப்பட்டிருந்தன. முகாமில் அதிகாரம் யாருடையது என்பதே அங்கும் வினாவாயிற்று.

நமது செட்டிகுளத்துக்குத் திரும்புவோம். மெனிக் பாம் முகாமிலே அடைக்கப்பட்டோர் 2009 டிசம்பர் வரை சுதந்திரமாக வெளியே செல்ல இயலவில்லை. ஓகஸ்டிற் பெய்த மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது; மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. மஞ்சட்காமாலை பரவிற்று. இந்நோய்களுக்கு மருந்து கொடுத்த வைத்தியர்கள் பாராட்டுக்குரியோர். ஆனால், மக்களை நெருக்கி அடைத்ததே நோயின் காரணமாயின், வேலியைத் திறப்பதன்றோ முதற் சிகிச்சை? அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. மருத்துவத் தேவை மூடப்படவில்லை. உடலினுள் எறிகணைச் சிதறல்களைச் சுமந்தவாறு கூலிவேலைக்குப் போவோர் வன்னியில் இன்றும் உளர். பொருந்தாத செயற்கைக் காலை மாற்ற வழியற்றோர் உளர். காணாமற்போன பிள்ளையின் படத்தை ஏந்தியபடி வீதியோரத்தில் இருந்தே நோயாளியாகி மாண்ட தாய்மார் உளர். போர் முடிந்தது என்று அறிவிக்க ஒரு நாள் போதும். உடல் அதனை ஏற்க ஓர் ஆயுள் வேண்டும்.

உலக நிலைமையும் இதுவே. 2024ஆம் ஆண்டின் முடிவில் உலகில் வலிந்து இடம்பெயர்க்கப்பட்டோர் தொகை 12 கோடியைக் கடந்திருந்தது. 2015 ஒக்டோபரில் ஆப்கானிஸ்தானின் குந்தூசு நகரில், எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பின் வைத்தியசாலையை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேரைக் கொன்றது. அடுத்த மே மாதத்தில் வைத்தியசாலைகளைப் பாதுகாக்கும் 2286ஆம் இலக்கத் தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபை ஏகமனதாக நிறைவேற்றிற்று. கையுயர்த்திய வல்லரசுகள் ஆயுத வியாபாரத்தை நிறுத்தினவா? 2023இன் பின் காசாவிலும் சூடானிலும் வைத்தியசாலைகள் பட்ட பாடு அதற்கு விடை கூறும். ஒரு கையால் குண்டையும் மறு கையால் களிம்பையும் ஏற்றுமதி செய்யும் ஏகாதிபத்தியத்தின் மனிதாபிமானம் இது. குண்டை எதிர்ப்பதற்காக நோயாளியின் களிம்பைப் பறிக்க வேண்டியதில்லை. களிம்பைப் பெற்றதற்காகக் குண்டைப் பற்றி மௌனம் காக்கவும் வேண்டியதில்லை.

எனவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. முதலாவது, இடம்பெயர்ந்தோரை எண்ணும் பொறுப்பு படைத்துறையின் கையில் இருத்தலாகாது. சிவில் நிர்வாகமும் மக்கள் குழுக்களும் எண்ணிய தொகைக்கே மருந்து வழங்கப்படல் வேண்டும். இரண்டாவது, தான் கண்ட இறப்பையும் காயத்தையும் வெளியிடும் சுகாதார ஊழியனுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். மூன்றாவது, நிவாரண மருத்துவம் பொதுச் சுகாதார சேவையை வலுப்படுத்துவதாய் அமைதல் வேண்டும். அதற்குப் போட்டியாய் எழுந்து, பணம் தீர்ந்ததும் மறைவதாய் அமைதலாகாது. நான்காவது, போரிற் காயமுற்றோர் எவ்வினத்தவராயினும், எக்கொடியின் கீழ் நின்றவராயினும், வாழ்நாள் முழுவதும் சிகிச்சை பெறும் உரிமை ஏற்கப்படல் வேண்டும். தென்னிலங்கையில் ஊனமுற்றுக் கிடக்கும் ஏழைச் சிப்பாயும் வன்னியில் ஊனமுற்றுக் கிடக்கும் போராளிப் பெண்ணும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள் என்பதை நாம் சொல்லாவிடில் வேறெவர் சொல்வர்?

ஆசிரியரும் மாணவரும் மருத்துவம் கல்லாதோராயினும் அவர்களால் ஆகும் பணி உண்டு. தத்தம் ஊரில் காயத்துடன் வாழ்வோரையும் பராமரிப்பற்று இறந்தோரையும், கடமையில் நின்ற ஊழியரையும் பெயரும் ஊரும் திகதியுமாகக் கேட்டறிந்து எழுதி வைக்கலாம். எண்ணிச் சொன்னோர் தண்டிக்கப்பட்ட நாட்டில் எண்ணத் தொடங்குவதே எதிர்ப்பு. இனியொரு முறை எவரேனும் மேடையேறி "மனிதாபிமானம்" என வாய் திறப்பாராயின், நாம் அவரிடம் கேட்கத்தக்க வினாக்கள் மூன்று: எத்தனை பேர்? எத்தனை மருந்து? எண்ணியவர் யார்?